அனுமதி பெற்ற குளிர்

அந்த வருஷம் டிசம்பரில் பூனாவுக்குக் குளிர் வரவில்லை. வராமல் இருப்பதற்கு அது யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு காலை. மேற்கு வட்டார வானிலை முன்னோக்கு அலுவலகத்தின் புல்தரையில் நாலு கால் ஊன்றி நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, எல்சி உள்ளே இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். இரவின் குறைந்தபட்சம் பத்தொன்பது டிகிரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். பத்தொன்பதேதான். முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள வெப்பமானிகூடத் தேவையில்லை.

ஆனால் அலுவலகம் வெளியிட்டிருந்த 'விடுமுறை வார முன்னோக்கு' என்ற முன்னறிவிப்பு வேறு விதமாகச் சொன்னது. இருபத்து நாலாம் தேதி இரவு தொடங்கிப் புத்தாண்டு வரை வட்டாரம் முழுவதும் கடுங்குளிர் அலை. பூனாவில் ஆறு டிகிரி. ரேடியோவில் வேளை தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்சி வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவள் வேலை நிரந்தரமாகும் காகிதம் இயக்குநர் சந்திரமௌலியின் மேஜையில் இருந்தது. தகப்பன் இல்லாத வீடு. அம்மா ஈனிட் மிஷன் பள்ளியில் ஆயா. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எல்சி. பி.எஸ்சி.யில் பௌதிகம் படித்தவள் என்பதால், வெப்பமானி காட்டுவதை எழுதுவதுதான் தன் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரித் தப்பபிப்பிராயங்களோடு நிறையப் பேர் அரசாங்க வேலைக்கு வருகிறார்கள்.

சூப்பிரண்டு குல்கர்ணியிடம் போய்ச் சொன்னாள். அவர் மெட்ராஸில் சில வருஷம் வேலை பார்த்தவர்; அங்கே கற்ற தமிழை அவளிடம் செலவழிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கூப்பிடுவது மட்டும் இந்தியில், 'பேட்டி', மகளே என்று.

"பத்தொன்பதா? அரே பேட்டி, பத்தொன்பது எழுத முடியாது. நம்ம ஊர் இயல்பு பதினொண்ணு. இயல்புலேருந்து ஒரு டிகிரி விலகினா நான் ஒத்துக்கலாம். ரெண்டு விலகினா டைரக்டர் சாகிப். அதுக்கு மேல விலகறதுக்கு டில்லிதான் பர்மிஷன் தரணும்."

"அப்போ டெல்லிக்கு எழுதலாமே சார்?"

"எழுதினோம், ஒரு தடவை. நான் இந்த சீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஜனவரியில நாலு டிகிரி ஏறிடுச்சு. டில்லிலேருந்து கேட்டாங்க, யாரோட உத்தரவுல ஏறிச்சுன்னு. இன்னும் பதில் போட்டுட்டிருக்கோம்."

"அப்போ ஆறு டிகிரின்னு போட்டிருக்கோமே, அதுவும் விலகல்தானே?"

குல்கர்ணி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அது கீழே விலகறது. குளிருக்கு அக்டோபர்லயே பர்மிஷன் ஆயிடுச்சு. டில்லிக்காரனுக்குக் குளிர்னா புரியும் பேட்டி. சூடுன்னாதான் விளக்கம் கேப்பான்."

விஷயம் இதுதான். விடுமுறை வார முன்னோக்கை டிசம்பரில் எழுதுவதில்லை. டிசம்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லோரும் லீவில் போய்விடுவார்கள். ஆகவே அக்டோபரிலேயே எழுதி, டெல்லியில் ஒப்புதல் வாங்கி, ஸ்டென்சில் வெட்டி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். தேதி வந்ததும் வெளியே எடுத்தால் போதும். பாக்கிக் காரியத்தை வானம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்சி பெட்டிக்குத் திரும்பிப் போய், வெப்பமானி திருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இயக்குநரின் அறைக் கதவைத் தட்டினாள்.

சந்திரமௌலி கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஹீட்டர் சிவந்துகொண்டிருந்தது. குளிர் அலை அறிவிக்கப்பட்டால் ஊழியர்கள் கம்பளி அணிய வேண்டும், ஹீட்டர் போட வேண்டும், மின்விசிறிகளின் இணைப்பை மார்ச் வரை துண்டிக்க வேண்டும் என்பது விதி. இயக்குநரின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை கோப்பின் மேல் விழுந்தது. ஒற்றுத்தாளால் ஒற்றி எடுத்தார்.

"ஏம்மா, உனக்கு வெயிலா இருக்கா?" என்றார்.

"ஆமா சார்."

"எனக்கும்தான் இருக்கு. நான் யார்கிட்டயாவது சொல்றேனா? வானம் இருக்கே, அதுக்குப் பொறுப்பு கிடையாது. இன்னிக்கு ஒண்ணு பண்ணும், நாளைக்கு ஒண்ணு பண்ணும். அதுக்கு பென்ஷன் இல்லே, இன்க்ரிமென்ட் இல்லே. நாம அப்படி இருக்க முடியுமோ? ஜனங்களுக்கு நிலையா ஒரு விஷயம் வேணும். அதைக் குடுக்கத்தான் சர்க்கார் நம்மளை வெச்சிருக்கு. வானம் என்ன பண்றதுன்னு சொல்றதுக்கு ஆபீஸ் எதுக்கு? ஜன்னலைத் திறந்தாத் தெரிஞ்சுட்டுப் போறது."

"ஆனா வெப்பமானி பத்தொன்பது காட்டுது சார்."

"எது? பெட்டிக்குள்ள இருக்கே, அதா? அது வந்து எத்தனை வருஷம் ஆறது?"

"போன வருஷம் வாங்கினதுன்னு சொன்னாங்க சார்."

"பார்த்தியா. புதுசு. அனுபவம் போறாது."

அன்று மத்தியானமே வெப்பமானிக்கு ஒரு குறிப்பாணை போனது. ஒப்புதல் பெற்ற முன்னோக்கு அமலுக்கு வர இருக்கும் சமயத்தில் பத்தொன்பது காட்டியதற்கு மாலைக்குள் விளக்கம் தர வேண்டும். குறிப்பாணையைப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வந்தான் பியூன். மாலை வரை பதில் வராததால் வெப்பமானி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, பஞ்சில் சுற்றி ஸ்டோருக்கு அனுப்பப்பட்டது. ஸ்டோரிலிருந்து ஒரு பழைய வெப்பமானி வந்தது. அதன் பாதரசம் என்றைக்கோ அறுந்து ஆறில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த வெயிலுக்கும் அது அசைந்ததில்லை.

"இத்தனை வருஷமா ஒரே பேச்சு," என்றார் சந்திரமௌலி, அதைத் தடவிக்கொடுத்து. "இதுக்குப் பேர்தான் சர்வீஸ்."

பிறகு எல்சியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். "உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என்கிட்டதான் இருக்கு. ஆபீஸ்ல வேலை பார்க்கறவா வெளியில போய்ச் சொந்தமா வானிலை பேசப்படாது. அம்மாகிட்டக்கூட. தெரிஞ்சுதா?"

தெரிந்தது.

*

காண்டோன்மென்ட் பக்கம், சபை நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அங்கே மத்தியான விருந்து பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் பொறுப்பு. சமையல் இல்லத்துச் சமையற்காரர் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கோயில் திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு கிறிஸ்துமஸ் கறி சமைப்பார். அவருடைய தேங்காய்ப்பால் கறிக்காகவே சில கிழவர்கள் டிசம்பர் வரை உயிரோடு இருப்பதாக ஒரு பேச்சு உண்டு.

அங்கே ஒரு வழக்கம். இருபத்து நாலாம் தேதி சாயங்காலமே கறியைச் சமைத்துப் பெரிய தேக்சாக்களில் பின் வராந்தாவில் மூடி வைத்துவிடுவார்கள். எல்லோரும் நடுநிசி ஆராதனைக்குப் போக வேண்டும், காலையிலும் ஆராதனை. பூனாவின் டிசம்பர்க் குளிர்தான் குளிர்பெட்டி. மறுநாள் சூடு பண்ணினால் கறி முந்தின நாளைவிட ருசியாக இருக்கும்.

இருபத்து மூன்றாம் தேதி சங்கக் கூட்டத்துக்கு எல்சியையும் இழுத்துக்கொண்டு போனாள் ஈனிட்.

"இந்த வருஷம் ராத்திரி புழுங்குதே," என்றார் மாடசாமி கதவோரமாக நின்று. "கறிய விடியக்காலம் வைக்கட்டுமான்னு கேக்கேன். ரேடியோவுல நாளைக்குக் குளிரு இறங்கும்னு சொல்லுதாவ. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

சங்கத் தலைவி மிஸஸ் ஜார்ஜ் முகத்தைச் சுளித்தாள். "விடியக்காலம் வச்சா ஆராதனைக்கு யாரு போறது? அதான் ரேடியோவுல சொல்லிட்டாங்களே."

"ரேடியோவுக்கு எழுதிக் குடுக்கிறதே எங்க எல்சிதான்," என்றாள் ஈனிட். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்ட விதத்தில் இருபது வருஷத்துக் கணக்கு இருந்தது. மிஸஸ் ஜார்ஜ் தன் பழைய புடவைகளை வருஷா வருஷம் கொடுத்தது இந்த ஈனிட்டுக்குத்தான். அவற்றை வெட்டித் தைத்த பாவாடைகளில்தான் எல்சி பள்ளிக்கூடம் போனாள்.

அறை முழுக்க எல்சியைத் திரும்பிப் பார்த்தது.

"சொல்லுட்டி," என்றாள் அம்மா. "எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

பத்தொன்பது என்று சொல்ல வாயெடுத்தாள் எல்சி. சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்போ உங்க ஆபீஸ் ரேடியோவுல பொய்யா சொல்லுது?' என்று வரும். கேட்பது மிஸஸ் ஜார்ஜாக இருக்கும். விஷயம் சந்திரமௌலியின் காதுக்குப் போகும். அதைவிட முக்கியம், அம்மாவின் முந்தானை தளர்ந்து விழும்.

"ஆறு டிகிரி," என்றாள். குரல் ரேடியோக்காரி மாதிரி தெளிவாக வந்தது.

"பாத்தியளா?" என்றாள் ஈனிட்.

"பாப்பாவே சொல்லியாச்சு, இனி என்ன!" என்று மாடசாமி சிரித்துக்கொண்டு கிளம்பினார். "நாளைக்குச் சாயங்காலமே முடிச்சிருதேன்."

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் எல்சி. எழுந்து பின்னால் ஓடி, வாசலில் வைத்து ரகசியமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் அவள் காலைக் கட்டிப் போடவில்லை. அந்த நேரத்தில் ஒரு தட்டில் கேக் வந்தது. எடுத்துக்கொண்டாள்.

*

கிறிஸ்துமஸ் காலையில் கறியைச் சூடு பண்ணியபோது மசாலா வாசம் தெரு வரைக்கும் வந்தது. மாடசாமி ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். லேசாகப் புளித்தது. தக்காளி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கிழவர்களும் கிழவிகளும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இல்லத்தில் வாந்தி எடுக்காத ஆள் இல்லை. பலரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்சிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த பிலிஸ் டீச்சர் கட்டிலில் ஒரு துணி மாதிரி கிடந்தாள். பிழைப்பாளா என்று டாக்டரே சொல்லவில்லை. அவள் கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆறு டிகிரி அமலில் இருந்த நேரம் அது.

வாரக் கடைசியில் அலுவலகத்தில் முன்னோக்குச் சரிபார்ப்புக் கூட்டம் நடந்தது. ஜன்னல்கள் குளிருக்குச் சாத்தப்பட்டிருந்தன. ஊழியர்கள் ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி கேப் சகிதமாக ஆவி பிடிப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அறுந்த வெப்பமானியின் தினசரி அளவுகளை முன்னோக்கோடு ஒப்பிட்டதில் ஒரு டிகிரிகூடப் பிசகவில்லை என்று குல்கர்ணி வாசித்தார். கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டிருக்கும்போதே பியூன் மயங்கி விழுந்தான். 'குளிரால் ஏற்பட்ட விறைப்பு' என்று பதிவு செய்து, அவன் மேல் இன்னொரு கம்பளியைப் போர்த்தினார்கள்.

சந்திரமௌலி எழுந்து பேசினார். "இந்த ஆபீஸ் சரித்திரத்துல இப்படியொரு துல்லியம் இருந்ததில்லே. சில பேர் வெளியில போனா வேர்க்கறதுன்னு சொல்றா. வேர்க்கலாம். அது அவா சொந்த அனுபவம். சொந்த அனுபவத்தை வெச்சுண்டு ஒரு தேசத்தை நடத்த முடியாது."

அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் நகராட்சி உணவு ஆய்வாளரின் கடிதம் வந்தது. முதியோர் இல்லத்தில் கறி கெட்டது இரவின் வெப்பத்தாலா, சமையற்காரரின் அசுத்தத்தாலா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இருபத்து நாலாம் தேதி இரவு வெப்பம் எவ்வளவு என்று சான்றிதழ் தேவை.

சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் அன்று அளவு எடுத்த ஊழியர். அதாவது எல்சி.

அவள் டைப்ரைட்டரில் பத்தொன்பது என்று அடித்து எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனாள். பார்க்கக் கொஞ்சம் தைரியசாலி மாதிரிகூட இருந்திருக்கும்.

"சார், ஆறுன்னு குடுத்தா அந்தச் சமையற்காரர்தான் அழுக்கு மனுஷன்னு ஆயிடும். அவர் வேலை போயிடும் சார். அவர் ஒண்ணும் பண்ணலை."

சந்திரமௌலிக்கு உண்மையிலேயே வருத்தம்தான். மஃப்ளரால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாவம்தான். நான் இல்லேங்கலை. ஆனா யோசிச்சுப் பாரு. கறி கெட்டுப் போறது லோக்கல் விஷயம். டெம்பரேச்சர் சென்ட்ரல் கவர்ன்மென்ட். ஒரு தேக்சா கறிக்காக சென்ட்ரல் கவர்ன்மென்ட் பதிமூணு டிகிரி ஏறி வருமோ? அந்த ஆளுக்கு இன்னொரு வேலை கிடைச்சுடும். ஆபீஸுக்கு இன்னொரு மானம் கிடைக்குமா?"

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து, அவள் கொண்டுவந்த சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் வேலையை நிரந்தரமாக்கும் ஆணை. பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மிரட்டவில்லை. அவர் நல்ல மனுஷர்.

எல்சி வெளியே வந்து சான்றிதழை மறுபடி அடித்தாள். ஆறு. கீழே பெயர், பட்டம், கையெழுத்து. குல்கர்ணி முத்திரையை ஊதிக் குத்தினார். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பிற்பாடு தூங்க விடாமல் அடித்தது. கொஞ்சம் நடுங்கித் தொலைத்திருந்தால் என்ன?

*

பிலிஸ் டீச்சர் பிழைத்துக்கொண்டாள். மாடசாமி பிழைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதியோர் இல்லக் கமிட்டி, தன் பெரிய மனதினால், அவரைப் போலீசுக்கு அனுப்பாமல் அடுப்படியிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் நிறுத்தியது. காக்கிச் சட்டை, கையில் தடி. உள்ளே புது ஆள் வைக்கும் சாம்பாரை யாரும் குடிப்பதில்லை என்று ஈனிட் வந்து சொன்னாள். "இத்தனை வருஷமா நல்லாச் சமைச்ச மனுசன். வயசாயிருச்சுல்ல, சுத்தம் பாக்காம விட்டுட்டாரு போல," என்றும் சொன்னாள். எல்சி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தாள். முதல் முழுச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புதுப் புடவை எடுத்தாள். ஈனிட் அதை மிஸஸ் ஜார்ஜ் கண்ணில் படுகிற மாதிரி உடுத்திக்கொண்டு போனாள். நிஜமான குளிர் பிப்ரவரி வரைக்கும் வரவே இல்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், பொறுக்க மாட்டாமல், இல்லத்துக்குப் பின்னால் மாடசாமி குடியிருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். தனக்கு மட்டுமாகச் சின்னச் சட்டியில் ஏதோ வைத்திருந்தார். தேங்காயும் சீரகமும் அரைத்த வாசம்.

"வா பாப்பா. உக்காரு, உக்காரு," என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வேல பெர்மனென்ட் ஆயிருச்சாமே. ஈனிட்டக்கா சொன்னா. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு."

எல்சி உட்காரவில்லை. "அண்ணாச்சி, அன்னிக்கு ராத்திரி ஆறு டிகிரி இல்ல. பத்தொன்பது இருக்கும். அதுக்குச் சில நாளு முன்னாடி நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் கூட்டத்துல பொய் சொன்னேன். அந்தச் சர்டிபிகேட்டும் பொய். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வெக்கையிலதான் கறி கெட்டுது."

மாடசாமி அவளைப் பார்த்துச் சிரித்தார். நோயாளியின் மனதைத் தேற்ற வந்தவரை நோயாளி பார்த்துச் சிரிப்பது மாதிரி.

"எனக்காவ சொல்லுத. தெரியும் பாப்பா."

"இல்ல அண்ணாச்சி, கர்த்தர்மேல சத்தியமா."

"சத்தியம் எல்லாம் பண்ணாத, பாவம். கமிட்டில என் முன்னாடிதான் அந்தக் காயிதத்த வாசிச்சாவ. கவர்மெண்டு சீலு. கீழ ஒன் கையெழுத்து. நான்கூட மொதல்ல ஒத்துக்கிடல. பொறவு ஒன் பேரக் காட்டினாவ. அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கல. ஒன்னயச் சின்னப் பிள்ளையில இருந்து பாக்கேன். நீ பொய்க் கையெழுத்துப் போடுத பிள்ளையா?"

"போட்டேன். வேலைக்காகப் போட்டேன்."

"சரி, சரி. அழாத." அவர் குரல் இறங்கியது. "நானும் ராவும் பகலும் யோசிச்சுப் பாத்துட்டேன். தேங்காய்ப்பால் பிழியும்போது கையக் கழுவினேனா, இல்லியா? கழுவினேன்னுதான் நெனப்பு. ஆனா குளிரு அவ்வளவு இருந்திருக்கு, பொறவு எப்படிக் கெடும்? என் கையாத்தான் இருக்கணும்."

அப்போதுதான் எல்சி அவர் கைகளைப் பார்த்தாள். சோடாக் காரம் போட்டுக் கழுவிக் கழுவி, விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தாள். அலுமினியத் தட்டு ஒன்றை எடுத்துச் சட்டியிலிருந்து தானே சோறும் குழம்பும் போட்டுக்கொண்டாள். "எனக்குப் பசிக்குது அண்ணாச்சி. உங்க சாப்பாடு வேணும்," என்றாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், தின்று செரித்துக் காட்டிவிட்டால் அவர் நம்பிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

கை வாய்க்குப் போவதற்குள் மாடசாமி பதறிப்போய்த் தட்டைப் பிடுங்கினார். அவள் கையை விரித்து, அதிலிருந்த சோற்றையும் தட்டிவிட்டார். பிறகு தன் தோளில் கிடந்த துண்டால் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, மிச்சம் மீதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் துடைத்தார்.

"வேண்டாம் பாப்பா. நீ நல்லா இருக்கணும்," என்றார். "ஸ்டேஷன் பக்கம் நல்ல ஓட்டலாப் பாத்துச் சாப்பிட்டுட்டுப் போ."